நனையாத ஒன்பது

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்றால்
எங்கள் கிளாக்ஸ்விக் குளத்தில் அறுபது நீளம்.
நீந்துகிறவர்களுக்குக் கணக்குத் தப்பும் என்று
எதிர்க்கரையில் ஒருவர் குந்தியிருந்து
மிச்சமுள்ள எண்ணைக் கம்பில் மாட்டித்
தண்ணீருக்குள் அமிழ்த்திக் காட்ட வேண்டும்.
தோள் சுளுக்கிய அந்தப் பிப்ரவரியில்
எனக்கு அந்த வேலை.
ஆறாம் பாதை. ரன்வா.

அவளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
வயது பதினான்கு. இடுப்பு மூழ்கும்.
கை தண்ணீரைப் பிடிக்காது, தள்ளாது,
மன்னிப்புக் கேட்பதுபோல் தடவும்.
மடங்காத கணுக்காலை மடக்குவதற்காக
பூகோள வகுப்பு முழுக்க
நாற்காலியில் குதிகால்மேல் உட்கார்ந்திருப்பாள்.
இரண்டு வருடத்தில் ஒரு விரற்கடை மடங்கியது.
நான்கு குளிர்காலம், நான்கிலும் கடைசி.
பயிற்சியாளர் ஹன்னிஸ் ஒருமுறை
"கைப்பந்து பிடிக்குமா உனக்கு?" என்று கேட்டுப்பார்த்தார்.
"பிடிக்கும்" என்றாள்.
மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக்
குளத்தின் கதவடியில், பக்கவாட்டில் அடிக்கும் மழையில்,
நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கோ நீச்சல் சும்மா வந்தது,
சிலருக்குச் சுருட்டை முடி வருவதுபோல.
நான் சம்பாதித்தது என்றே நம்பியிருந்தேன்.

ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து.
ஒவ்வொரு முறையும் அவள் கண்ணாடி
தகட்டின்முன் ஒரு நொடி நிற்கும், திரும்பும்.
முப்பத்தொன்றில் முதலாமவள்
எத்தனையாவது தடவையோ அவளைக் கடந்து போனாள்.
பதினொன்று வருவதற்குள்
மற்ற ஐந்து பாதையும் ஓய்ந்துவிட்டன.
துண்டு போர்த்திய பெண்கள் வாழைப்பழம் தின்றார்கள்.
மாடத்தில் பெற்றோர் கோட்டுக்குள் கை நுழைத்தார்கள்,
தெற்குத் தீவுக்காரர்கள் கப்பல் பிடிக்க வேண்டும்.
அவ்வளவு பெரிய அமைதியில்
அவள் ஒருத்தியின் கால்சத்தம் மட்டும்
சளப், சளப் என்று.

பாவம் என்று நினைத்தேன்.
இரக்கம் என்றுதான் அன்று அதற்குப் பெயர் வைத்தேன்.
என் கை ஒன்பதைத் தாண்டிப் போய்
ஏழாம் தகட்டை எடுத்தது.

பார்த்தாள். வழக்கமாக ஒரு நொடி,
இந்த முறை ஒன்றரை.
திரும்பினாள்.
பிறகு ஐந்து, மூன்று, ஒன்று,
மணி அடித்தது, ஆட்கள் எழுந்தார்கள்,
அவள் போய்ச் சுவரைத் தொட்டு
நிற்கவில்லை.
உருண்டு, உதைத்து,
என் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

மாடத்தில் யாரோ சிரித்தார்கள்.
"எண்ணக்கூட வராதா இவளுக்கு" என்றார் ஒருவர்,
மெதுவாகத்தான். ஆனால் குளத்தின் கூரை
எதையும் மெதுவாக இருக்க விடாது.
நான் சொல்லியிருக்கலாம்.
வாயைத் திறந்தால் போதும்.
துடைத்த தகட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். ஒன்றை மறுபடி அமிழ்த்தினேன்.
கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது,
உள்ளே கண் தெரியவில்லை.
அதே வேகத்தில் திரும்பிப் போனாள்,
அதே மூழ்கும் இடுப்போடு,
அறுபதாவது நீளத்தை முழுசாக.
இருபத்தேழு நிமிடம் நாற்பத்தொரு நொடி.
போன வருடத்தைவிட ஆறு நொடி குறைவு.
நடுவர் தாளில் தன் கோடுகளை எண்ணிப்பார்த்தார்,
என்னை ஒரு பார்வை பார்த்தார்,
அந்த நேரத்தையே எழுதினார்.

எல்லாரும் போனபின் தகடுகளை
வரிசையாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
தலையில் துண்டோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.
ஈரப் பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாய்த்
தொட்டுக்கொண்டே வந்த விரல்
ஒன்பதில் நின்றது.
அது மட்டும் காய்ந்திருந்தது.

எடுத்தாள். குளத்தில் ஒருமுறை முக்கினாள்,
உதறினாள், அதன் இடத்தில் வைத்தாள்.
"மார்ச்சில் எண்ணூறு இருக்கிறது" என்றாள்.
"நீயே எண்ணு."